மா. கிருஷ்ணனின் யானைப் படங்கள்: எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது?

வால்காக்கை (பொள்ளாச்சி):

எல்லாருக்கும் வணக்கம். இயற்கையைப் பற்றி எழுதியவரும் காட்டுயிர்ப் படக்காரருமான மா. கிருஷ்ணன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றி ஒரு கேள்வி. அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 2006-இல், பெரிய படத்தொகுப்பு ஒன்று வந்ததே, அது கோவையில் ஒரு நண்பரிடம் இருந்தது. இரவல் வாங்கி வந்திருக்கிறேன். இப்போதெல்லாம் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை.

நானும் படம் எடுப்பவன்தான். தென்னைநார் கம்பெனியில் கணக்கு வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆனைமலைப் பக்கம். தூரத்தில் இருப்பதை இழுத்துப் பெரிதாகக் காட்டும் 150-600 லென்ஸ் வைத்திருக்கிறேன். யானை கிடைத்தால் முகத்தை நெருக்கி எடுப்பேன், இமை முடி ஒவ்வொன்றும் தெரியும். எங்கள் வட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறோம். பார்ப்பவர்கள் ‘அருமை’ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள்.

கிருஷ்ணன் படங்களில் யானை பல நேரம் படச் சட்டத்தில் பாதிகூட இருப்பதில்லை. சுற்றிலும் மரம், புல், புதர். பிடிகள் (பெண் யானைகள்) ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். கால்களுக்கு நடுவே தேடிப் பார்த்தால்தான் குட்டி ஒன்று இருப்பது தெரியும். அதைக் கண்டுபிடித்த பிறகு, அந்தப் பிடிகள் ஏன் அப்படி நெருங்கி நிற்கின்றன என்பதும் புரிந்துவிடுகிறது. ஒரே பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறேன்.

நண்பர்களிடம் காட்டினேன். ‘கிரெயின் (புள்ளி புள்ளியாகத் தெரிவது) அதிகம்’, ‘ஷார்ப்பாக இல்லை’, ‘இன்றைக்குப் போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே போய்விடும்’ என்கிறார்கள். பழசு என்பதால் எனக்குப் பிடிக்கிறது என்று ஒருவர் சொன்னார். அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பழைய வேட்டைக்காரர்கள் எடுத்த படங்களையும் பார்த்திருக்கிறேன், அவை இப்படிப் பிடித்து நிறுத்தவில்லை.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தப் படங்களில் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்? நானும் கறுப்பு வெள்ளைக்கு மாறினால் ஏதாவது கற்றுக்கொள்ள முடியுமா?

இருட்டறை (திருவல்லிக்கேணி):

தம்பி, ஆயுசில் பெரும்பகுதியை டார்க் ரூமில் படம் கழுவிப் பிரிண்ட் போட்டே கழித்தவன் நான். எங்கள் தொழிலில் கிருஷ்ணன் படம் என்றால் தனி மரியாதை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனசில் வையுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுக்க மிகவும் கஷ்டமான மிருகம் யானை. அதன் தோலும் சாம்பல், நிற்கும் நிழலும் சாம்பல், பின்னால் இருக்கும் பச்சையும் ஃபிலிமில் சாம்பலாகத்தான் விழும். கலரில் என்றால் செம்மண் அப்பிய உடம்பு பச்சைக்கு நடுவே தானாகத் தனியாக வந்துவிடும். கறுப்பு வெள்ளையில் அந்த உதவி கிடையாது. வெளிச்சம் ஒன்றுதான் யானையைக் காட்டிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும்.

இப்போது புத்தகத்தை எடுத்து, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் பாருங்கள். பக்கவாட்டில் வெயில் விழும் படங்களில் தோலின் சுருக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழும்பி நிற்கும். நெற்றிக்குப் பக்கத்துக் குழி தெரியும். காதின் மேல் விளிம்பைப் பாருங்கள். யானைக்கு வயது ஏற ஏற அந்த விளிம்பு மடிந்துகொண்டே வரும். குட்டிக்கு நேராக இருக்கும், நடுவயதில் லேசாக மடியும், கிழட்டு யானைக்கு நன்றாகச் சுருண்டு தொங்கும். ஒரு கூட்டத்தில் யார் மூத்தவள் என்பதை அந்த மடிப்பை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம். கொம்பனாக இருந்தால் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் பாருங்கள். மதநீர் வழிந்திருந்தால் கறுத்த கோடாகத் தெரியும். இதெல்லாம் தற்செயலாக விழுந்துவிடாது. எந்தப் பக்கம் நின்றால் யானையைப் பற்றிய செய்தி படத்தில் வரும் என்று தெரிந்தவர் நின்ற இடம் அது.

அடுத்து, வயிற்றுக்குக் கீழே இருக்கும் நிழலைப் பாருங்கள். யானையின் முதுகில் உச்சி வெயில், வயிற்றுக்கடியில் இருட்டு. இரண்டையும் ஒரே நெகட்டிவில் கொண்டுவருவது பெரிய பாடு. முதுகுக்கு வெளிச்ச அளவு வைத்தால் கால்கள் மையிருட்டாகிவிடும், நிழலுக்கு அளவு வைத்தால் முதுகு வெளுத்துவிடும். நிழலுக்குள்ளும் காலின் வடிவம் தெரிய வேண்டும் என்றால் நெகட்டிவில் அங்கே ஏதாவது இருந்தாக வேண்டும். அப்புறம் பிரிண்ட் போடும்போது, கம்பி நுனியில் சின்ன அட்டையை ஒட்டி, என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) வெளிச்சத்தில் அந்த இடத்தை மட்டும் மறைத்து மறைத்து ஆட்ட வேண்டும். அட்டை ஒரு நொடி நின்றுவிட்டால் அதன் நிழல் படத்தில் வட்டமாக விழுந்துவிடும். நல்ல பிரிண்டில் அந்த வேலை நடந்த சுவடே தெரியாது.

நம் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. டெவலப்பருக்கு (ஃபிலிம் கழுவும் மருந்துக்கு) 20 டிகிரி சூடு என்று டப்பாவில் போட்டிருப்பான். சித்திரை மாசம் மெட்ராஸ் குழாய்த் தண்ணீரே 30 டிகிரிக்கு மேல் வரும். அந்தச் சூட்டில் ஃபிலிமின் மேல்பூச்சு இளகிவிடும், கை பட்டால் வழண்டு வரும். ஐஸ் வாங்கி வந்து பெரிய தட்டில் போட்டு, அதற்குள் மருந்துத் தட்டை வைத்து வேலை செய்வோம். காட்டில் இருந்து எத்தனை அருமையான நெகட்டிவ் வந்தாலும் இந்தக் கண்டத்தைத் தாண்டித்தான் படமாக வேண்டும். உங்கள் நண்பர்கள் கிரெயின் என்று தள்ளுவதைக் கேட்டால் மனசு வலிக்கிறது.

அவருடைய கேமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கம்பெனியின் உடம்பு, இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸ், மற்ற பாகங்கள் எங்கெங்கிருந்தோ. எல்லாவற்றையும் அவரே சேர்த்து மாட்டியிருந்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பேர் வேறு வைத்திருந்தார். காட்டுயிர் ஆர்வலர் இ.பி. ஜீ அதை நேரில் பார்த்து அசந்துபோய் எழுதியிருக்கிறார். ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. தொடர்ச்சியாகப் பத்து இருபது அடிக்க முடியாது. ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் ஃபிலிம் என்றால் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். மிருகம் அடுத்து என்ன செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்தவரால்தான் அந்தப் பன்னிரண்டில் உருப்படியாக ஒன்றாவது எடுக்க முடியும்.

இங்கேதான் உங்கள் கேள்விக்குப் பதில் இருப்பதாக நினைக்கிறேன். கிருஷ்ணன் முதலில் இயற்கையைப் பார்த்து எழுதுகிறவர். கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950-இல் தொடங்கி 1996 பிப்ரவரியில் இறக்கும்வரை, 46 வருஷம், விடாமல் பத்தி எழுதினார். 1968-இல் நேரு ஆய்வு நல்கை கிடைத்தபோது தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிக் காடு காடாகப் போய் ஆராய்ந்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் தொடராக வந்தது. அவருக்குப் படம் என்பது தான் கண்டதற்குச் சாட்சி. யானையின் முகம் மட்டும் என்றால் அது எந்த யானைக்கும் பொருந்தும். எந்தக் காட்டில், எந்தப் பருவத்தில், யாரோடு, என்ன செய்துகொண்டிருந்தது என்பது தெரிய வேண்டும் என்றால் சட்டத்துக்குள் இடம் விட்டாக வேண்டும். நீங்கள் அரை மணி நேரம் உட்காருவது அதனால்தான், தம்பி. அங்கே படிக்க அவ்வளவு இருக்கிறது.

மாயாறு (மசினகுடி):

அண்ணா, நான் கேமரா தொட்டவன் இல்லை. ஆனால் என் பெரியப்பா தெப்பக்காடு யானை முகாமில் காவடியாக இருந்தவர், அதனால் ஒன்று சொல்கிறேன். (காவடி என்றால் பாகனுக்கு உதவியாள், எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.)

கிருஷ்ணன் முதுமலையில் எடுத்த படங்களில் நிறைய, முகாம் யானையின் மேல் உட்கார்ந்து எடுத்தவை. காட்டு யானைக்கு மனுஷ வாடை பட்டால் கூட்டமே கலைந்துவிடும், இல்லாவிட்டால் துரத்தும். வளர்ப்பு யானையின் மேல் போனால் அந்த வாடை அமுங்கிவிடும். காட்டியும் (காட்டு மாடு) மானும்கூட, யானைதானே வருகிறது என்று மேய்ந்துகொண்டிருக்கும். நடந்து போனால் கிட்டவே போக முடியாத தூரத்துக்கு அப்படிப் போகலாம்.

ஆனால் அதன் மேல் உட்கார்ந்து படம் எடுப்பது லேசு இல்லை. யானை ஒரு நொடிகூடச் சும்மா நிற்காது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், காதை ஆட்டும், மூச்சு விட்டாலே முதுகு ஏறி இறங்கும். பாகன் சொல்லி, அது கேட்டு, ஒரு கணம் அசையாமல் நிற்கும்போது அடித்தால்தான் உண்டு. அந்தப் படங்களில் பாதிப் பெருமை பாகனுக்கும் அவன் யானைக்கும் சேர வேண்டியது. குறும்பர் பிள்ளைகள் பலர் அந்த வேலையில் இருந்தார்கள், இன்றைக்கும் இருக்கிறார்கள். எந்தப் புதருக்குப் பின்னால் குட்டி போட்ட பிடி நிற்கிறது என்று வாடையை வைத்தே சொல்வார்கள்.

இன்னொன்று. மேலேயிருந்து பார்ப்பதால் யானைக்குப் பின்னால் வானம் வராது, தரைதான் வரும். மாசி பங்குனியில் எங்கள் காட்டில் புல்லெல்லாம் காய்ந்து வெளுத்துக் கிடக்கும். அந்த வெளுப்புக்கு முன்னால் யானை நின்றால் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள். சாம்பலில் சாம்பல் கலந்துவிடும் என்று இருட்டறை ஐயா சொன்னாரே, அதற்கு இதுவும் ஒரு வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது வண்டியில்தான் கூட்டிப்போகிறார்கள். மசினகுடி ரோட்டில் யானையைக் கண்டால் காரை நிறுத்தி இறங்கிப் படம் எடுக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். நிறுத்தக் கூடாது என்று போர்டு இருக்கிறது, அபராதமும் போடுகிறார்கள், ஆனாலும் நிற்கிறார்கள். ஆள் இறங்கினதும் கூட்டம் மிரளும். குட்டியோடு இருக்கும் பிடி அன்றைக்கு ரோட்டைத் தாண்டாமல் திரும்பிவிடும், ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போக முடியாது. தயவுசெய்து உங்கள் வட்டத்தில் இதை எடுத்துச் சொல்லுங்கள் அண்ணா.

நீலச்சிட்டு (சேலம்):

கிருஷ்ணன் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் கறுப்பு வெள்ளையைத் தூக்கிவைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. யானை, காட்டி என்றால் சரி. பறவைக்கு என்ன செய்வது? தீக்காக்கையின் சிவப்பு வயிறு இல்லாமல் அது தீக்காக்கையா? பொன்முதுகு மரங்கொத்தியை எப்படிச் சாம்பலில் காட்டுவது? பறவை நோக்குகிறவர்களுக்கு நிறம்தான் அடையாளம். படத்தில் செய்தி இருக்க வேண்டும் என்றால், நிறமும் ஒரு செய்திதானே?

மருதாணி (திருநெல்வேலி):

நீலச்சிட்டு சொல்வது நியாயம்தான். பறவைகளுக்குக் கிருஷ்ணன் பல நேரம் பேனாவைத்தான் எடுத்தார். அவருடைய பத்திக்கு அவரே கோட்டோவியம் போட்டார். நாலு கோட்டில் பறவை உட்காரும் தினுசு வந்துவிடும். நிறத்தை விட்டுவிட்டாலும் வால் தூக்கியிருப்பதையும் கழுத்தைத் திருப்புவதையும் வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். வயலில் தூரத்தில் நிற்கும் பறவையை நாமும் பாதி நேரம் அப்படித்தானே கண்டுபிடிக்கிறோம்?

நான் தாவரவியல் ஆசிரியை. எங்கள் ஊர்க்காரர் என்ற உரிமையும் எனக்கு உண்டு: 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர், ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. நான் சொல்ல வந்தது யானையைப் பற்றி அல்ல, அதன் பின்னால் நிற்கும் மரங்களைப் பற்றி.

மாநிலக் கல்லூரியில் அவர் படித்தது தாவரவியல். பாடம் சொன்னவர் ஃபைசன், தென்னிந்திய மலைகளின் செடிகொடிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். அவரோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போய்ச் செடி பார்த்துப் பழகிய கண் அது. அந்தப் பழக்கம் படத்தில் தெரிகிறது. மிருகத்துக்குப் பின்னால் இருப்பதைப் பலர் மங்கலாக்கிவிடுகிறார்கள், ‘பேக்ரவுண்ட் கிளீன்’ என்று பாராட்டு வேறு. கிருஷ்ணன் படங்களில் பின்னால் நிற்பது என்ன மரம் என்று பல இடங்களில் என்னால் சொல்ல முடிகிறது. முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்த பட்டை என்றால் கருமருது. வழவழப்பாக வெளுத்து நின்றால் வெக்காலி. பெரிய இலை உதிர்ந்து கிடந்தால் தேக்கு. இந்த மூன்றும் சேர்ந்து நின்றாலே அது முதுமலைப் பக்கத்து இலையுதிர் காடு என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடலாம். இலை இருக்கிறதா, உதிர்ந்துவிட்டதா என்று பார்த்தால் மாசமும் பிடிபடும்.

இன்றைக்கு அதே காட்டில் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. மஞ்சள் பூப்பூக்கும் சென்னா மரம் பரவி, அதை வெட்டி அகற்ற அரசாங்கமே பாடுபடுகிறது. உண்ணி அந்தக் காலத்திலும் இருந்ததுதான். ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு புல் இருந்தது, யானைக்கும் காட்டிக்கும் மேய்ச்சல் எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படங்கள் கையில் இருக்கின்றன. மங்கலாக்கி எடுத்திருந்தால் இந்த உபயோகம் இருந்திருக்காது. வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதை அவர் கடுமையாக எதிர்த்தவர். நம் மண்ணின் மரத்தை நடுங்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். அதனால் பின்னணியை விட்டுவைத்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

வால்காக்கை, அவர் தமிழிலும் எழுதியிருக்கிறார், தெரியுமா? தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ கிடைத்தால் படத்தொகுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அலட்டல் இல்லாத தமிழ். கண்டதைக் கண்டபடி சொல்லும் அந்தக் குணம்தான் படத்திலும் இருக்கிறது.

வால்காக்கை (பொள்ளாச்சி):

இருட்டறை ஐயா, மாயாறு, டீச்சர், எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி காது மடிப்பைத் தேடித்தேடிப் பார்த்தேன். ஒரு கூட்டத்தில் முன்னால் நிற்கும் பிடிக்குக் காது நன்றாகச் சுருண்டிருக்கிறது, பின்னால் நிற்பவைக்கு அவ்வளவு இல்லை. இத்தனை நாளாக அந்தப் படத்தைப் பார்த்தும் இது என் கண்ணில் படவே இல்லை. மரத்தையும் பார்த்தேன், கருமருது பட்டை சட்டென்று பிடிபட்டுவிட்டது.

மாயாறு, ரோட்டில் நிறுத்தும் விஷயத்தை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். பரவாயில்லை.

ஐயா, கறுப்பு வெள்ளைக்கு மாறலாமா என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லையே? மாறினால் கேமராவிலேயே மாற்றி எடுப்பதா, கலரில் எடுத்து அப்புறம் மாற்றுவதா?

இருட்டறை (திருவல்லிக்கேணி):

மாறச் சொல்ல மாட்டேன் தம்பி. கொஞ்ச நாள் பழகிப் பாருங்கள் என்பேன். கேமராவை ‘ரா’விலேயே (பதிவான விவரம் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ளும் கோப்பு) வையுங்கள், ஆனால் திரையில் தெரிவது மட்டும் மோனோக்ரோமாக, அதாவது கறுப்பு வெள்ளையாக வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கலர் விவரம் கோப்பில் பத்திரமாக இருக்கும், நீலச்சிட்டு கேட்கும் தீக்காக்கைக்கும் பங்கம் வராது. எடுக்கும் நேரத்தில் உங்கள் கண்ணுக்குச் சாம்பல் மட்டும் தெரியும். யானை காட்டோடு கலந்துபோனால் அங்கேயே தெரிந்துவிடும். காத்திருப்பதா, வண்டி நகர்ந்து கோணம் மாறினால் தனியாக வருமா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

அப்புறம், மோனோக்ரோம் அமைப்புக்குள் ஃபில்டர் என்று ஒன்று இருக்கும். நாங்கள் லென்ஸுக்கு முன்னால் கண்ணாடி மாட்டிச் செய்ததை அது தானே செய்யும். பச்சை வைத்தால் இலையும் புல்லும் வெளுக்கும், சாம்பல் யானை அதற்கு முன்னால் எடுப்பாகத் தெரியும். மஞ்சள் வைத்தால் நீல வானம் கொஞ்சம் கறுத்து மேகம் தெரியும். யானைக்கும் காட்டிக்கும் பச்சையில் தொடங்குங்கள். ஆனால் செம்மண் பூசிய யானை என்றால் பச்சை ஃபில்டர் அந்தச் சிவப்பை இன்னும் கறுப்பாக்கும், வயிற்று நிழல் அடைத்துவிடும். அப்போது மஞ்சளுக்கு வந்துவிடுங்கள்.

லென்ஸை 600-க்கு இழுக்காமல் 200 பக்கம் வைத்து எடுத்த படம் ஏதாவது இருந்தால் இங்கே போடுங்கள். மரம் என்ன என்று டீச்சர் சொல்லட்டும், நிழலை நான் பார்க்கிறேன்.